அளவு ஜாக்கெட்டும் ஹெட்செட்டும்

அடுத்தவர் உடம்புக்குப் பதில் சொல்கிற தொழிலில் இருப்பவன், தன் உடம்பைப் பற்றி மூச்சு விடக்கூடாது. கடத்தூரில் ஒரு ஜிம்மில் நான் பயிற்சியாளன். எனக்குத் தொப்பை உண்டு. டி-ஷர்ட்டை ஒரு சைஸ் பெரிதாக வாங்கிச் சமாளிக்கிறேன். ஓனர் பெங்களூரிலிருந்து இரண்டு வி.ஆர். ஹெட்செட் வாங்கிவந்ததிலிருந்து அந்த மூலை அறையும் என் தலையில் விழுந்தது. கண்ணை மூடி மாட்டிக்கொண்டால் எதிரே ஒரு பொம்மை உடம்பு தெரியும். நாம் கையைத் தூக்கினால் அதுவும் தூக்கும், நாம் நடந்தால் அதுவும் நடக்கும். எந்த உடம்பு வேண்டுமென்று பட்டியலில் பார்த்து எடுத்துக்கொள்ளலாம். கடவுள் தராததை நான் தரவேண்டும் என்று தினமும் பத்துப் பேர் வருகிறார்கள். கஸ்டமரோடு மாரடிக்கிறவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம்.

மாதேஷின் கை

டிராக்டர் ஷோரூம் மாதேஷ் ஈர்க்குச்சி ஆள். பட்டியலிலேயே பெரிய புஜம் உள்ள உடம்பை எடுத்து, குத்துச்சண்டை ஆட்டத்தில் இறங்கினார். புஜம் வந்ததும் ஆளே மாறிவிட்டார். போதும் என்று மூன்று முறை கத்தினேன். பொம்மைக்கு மூச்சு வாங்கவில்லை, அதனால் தனக்கு வாங்குவது அவருக்குத் தெரியவில்லை.

கழற்றும்போது தோள் பிடித்துக்கொண்டு கையைத் தூக்க முடியவில்லை. நான் தைலம் தேய்த்துவிட்டேன். ஓனர் என்னைத் திட்டி முடிக்கும்வரை தன் கையையே பார்த்துக்கொண்டிருந்த மாதேஷ் சொன்னார்: "இந்தக் கைய வெச்சிக்கிட்டாண்ணா நான் இவ்ளோ நாளா இருந்தேன்?"

இல்லாத துப்பட்டா

ஸ்டெல்லா அக்கா ஒரு பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க். தினமும் நடங்கள், மூன்று மாதத்தில் சுகர் குறையாவிட்டால் ஊசிதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அம்மாவுக்குப் பல வருடம் தன் கையால் ஊசி போட்டவர் அவர். அந்தப் பயம் முகத்திலேயே தெரிந்தது.

ஆனால் நம் பக்கத்தில் ரோட்டில் சும்மா நடக்க விடுவார்களா? நாலு எட்டு வைத்தால் ஒரு பைக் வந்து நிற்கும். "ஏறுங்க, வுட்டுடறேன்." ஏறாவிட்டால் வண்டி ரிப்பேரா, வூட்ல சண்டையா என்று விசாரணை. வெறுத்துப்போய் என் அறைக்கு வந்தார்.

எல்லோரையும் போல ஒல்லி உடம்பைத்தான் எடுத்தார். அதற்கு உடுப்பு இறுக்கமான பனியனும் பேண்ட்டும். இல்லாத துப்பட்டாவை ஒரு கையால் இழுத்து இழுத்து விட்டுக்கொண்டே நடந்தார். கையை வீசுங்கக்கா என்றேன். "மொதல்ல அந்தப் புள்ளைக்கு ஒரு துப்பட்டா குடுங்க தம்பி, அப்பறம் வீசறேன்."

நாலு சுவர்க் கண்ணாடி

தேடிப்பிடித்துத் துப்பட்டாவோடு ஒரு சுடிதார் போட்டுவிட்டேன். மறுநாளிலிருந்து இருபது நிமிடம் நிற்காமல் நடந்தார். பெருமையாக இருந்தது. எங்கள் ஜிம்மில் நாலு சுவரும் கண்ணாடி என்பதை மறந்துவிட்டேன். ஹெட்செட்டைக் கழற்றியதும் எதிரே நிற்பது அந்த ஒல்லிப் பெண் அல்லவே.

பத்து நாளில் வருவதை நிறுத்திவிட்டார். ஒரு மாதம் போயிற்று. ஊசி ஞாபகம் எனக்கே வந்து வந்து போனது. குற்ற உணர்ச்சியோடு போன் செய்தேன். "நடக்கறது கஷ்டமில்லீங்க தம்பி. கழட்டறதுதான் கஷ்டமா இருக்குது."

அளவு ஜாக்கெட்

அளவு கொடுத்தால் நம் உடம்பையே பொம்மையாகச் செய்கிற வசதியும் அதில் உண்டு. இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. அக்காவிடம் சொன்னேன். நான் டேப் வைத்து அளக்க முடியாது, அளவு கொண்டுவாருங்கள் என்றேன். டெய்லரிடம் கொடுப்பதுபோல் ஓர் அளவு ஜாக்கெட்டை மடித்துப் பையில் போட்டுக் கொண்டுவந்தார்.

விரித்து அளந்து செய்தேன். மாட்டிப் பார்த்தவர் கழற்றிவிட்டு உண்மையைச் சொன்னார். அந்த ஜாக்கெட் பெரிய பெண் பிறப்பதற்கு முன் தைத்ததாம். இன்றும் டெய்லரிடம் அதையே கொடுத்து, கொஞ்சம் லூசாகத் தைக்கச் சொல்கிறாராம்.

மறுநாள் இப்போது போடுகிற ஜாக்கெட்டைக் கொண்டுவந்தார். அந்த அளவில் செய்த உடம்பு அவர் எதிரே நடந்தது. கோபித்துக்கொண்டு போய்விடுவார் என்று நினைத்தேன். அவரோ பத்து நிமிடம் நடந்த பிறகு சொன்னார்: "தடிச்சிதான் இருக்கறா. ஆனா நல்லா நடக்கறா."

பொம்மிடி ரோடு

மூன்று வாரம் ஒருநாள் விடாமல் வந்தார். பிறகு வரவில்லை. மறுபடியும் விட்டுவிட்டாரோ என்று எனக்குக் கவலை. ஒருநாள் காலையில் பொம்மிடி ரோட்டில், தனியாக, இரண்டு கையையும் வீசி நடந்து போய்க்கொண்டிருந்தார். பழக்கதோஷம், நானும் பைக்கை நிறுத்தி "ஏறுங்கக்கா, வுட்டுடறேன்" என்றேன்.

விழுந்து விழுந்து சிரித்தார். சுகர் குறைந்துவிட்டதாம், ஊசி வேண்டாமென்று டாக்டர் சொல்லிவிட்டாராம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. "ஹெட்செட்டுக்குள்ள உங்க பொம்மை எதுங்க தம்பி?" என்றார். மாதேஷ் எடுத்த அதே புஜம்தான் என்றேன். என் தொப்பையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நடையைக் கட்டியபடியே சொன்னார்: "அளவு சட்டை ஒண்ணு எடுத்து வைங்க. பழசு வேணாம்."

ஊரார் உடம்புக்கெல்லாம் உண்மை பேசுகிற நான், அன்று சாயங்காலமே பீரோவைக் கிளறி எடுத்துவைத்த அளவு சட்டை என் கல்யாணத்துக்குத் தைத்தது.