என் மகள் எனக்காக அழுத மாலை

காலை மணி ஏழு பத்து. பௌர்ணமிக் கூட்டம் செங்கம் சாலையை அடைத்துக்கொண்டு கிரிவலம் போய்க்கொண்டிருந்தது. தண்ணீர் பாட்டில் வாங்கிவிட்டுத் திரும்பிய நான் முதலில் பார்த்தது என் மகளின் மஞ்சள் கவுனை. முப்பதடி முன்னால், ஆந்திராவிலிருந்து வந்த ஒரு குடும்பத்தின் நடுவே, முன்பின் தெரியாத ஒருவரின் விரலைப் பிடித்து நடந்துகொண்டிருந்தாள். ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஓடிப்போய்த் தூக்கினேன். அவள் பயப்படவில்லை. என்னைக் கண்டு மகிழவும் இல்லை. அந்த மனிதரைப் பார்த்து, "அப்பா, டாட்டா" என்றாள்.

யாழினியை நாங்கள் சட்டப்படி தத்தெடுத்தபோது அவளுக்கு வயது ஐந்து. அதுவரை இருந்த இல்லத்தில் அவளைப் பார்த்துக்கொண்டவர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். வந்த அன்றே என்னை அப்பா என்றாள். நானும் மனைவி செல்வியும் அழுதுவிட்டோம். மறுநாள் பால்காரரை அப்பா என்றாள். பிறகு பள்ளி வாட்ச்மேனை. அதன்பின், காலையில் பள்ளிக்குக் கூட்டிப்போகும் ஆட்டோ குமாரை.

"சார், எனக்கும் இவ பொண்ணுதான். ஃபீஸுல பாதிய நான் கட்டிடறேன்" என்று குமார் சிரிப்பார்.

முட்டி கிழிந்தாலும் எங்களிடம் ஓடிவர மாட்டாள். பக்கத்தில் யார் இருக்கிறார்களோ அவர்களிடம் காட்டுவாள். பள்ளி வாசலில் அழாத பிள்ளை என்று எல்லோரும் பாராட்டினார்கள்.

அந்தக் கிரிவலத்துக்குப் பிறகு குழந்தைகள் மனநல மருத்துவர் ஒருவரிடம் போனோம். "பாசம் ஜாஸ்தியா இருக்குன்னு நெனச்சிக்காதீங்க. இன்னும் யார்கிட்டயும் ஒட்டல. யாரு இருப்பாங்க, யாரு போயிடுவாங்கன்னு அதுக்குத் தெரியல. சொன்ன நேரத்துக்கு வந்து நில்லுங்க. தெனமும். நாள் ஆகும்" என்றார்.

நாள் ஆனது. வேங்கிக்கால் அலுவலகத்திலிருந்து ஓடிவந்து தினமும் மாலை நாலு பத்துக்குப் பள்ளி வாசலில் நிற்பேன். என்னையும் பள்ளியின் இரும்புக் கேட்டையும் அவள் ஒரே மாதிரிதான் பார்ப்பாள்.

திங்கட்கிழமைதோறும் விடிந்ததும் மலையைச் சுற்றினேன். பல வருடம் பத்திரிகையில் தலைப்பு எழுதியவன் நான். வேண்டுதலும் ஒரே வரிதான். அண்ணாமலையாரே, இவள் ஒருமுறை எனக்காக அழட்டும். மூன்றாம் மாதம் குதிகால் வலி வந்தது. ஏழாம் மாதம் வேண்டவே சலிப்பாக இருந்தது. கிரிவலப் பாதையில் நிருதி லிங்கத்தருகே உட்கார்ந்து, "என்னால முடியல சாமி" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

ஐப்பசியில் ஒரு வியாழக்கிழமை. மழை. சாலையில் மரம் சாய்ந்து, நான் பள்ளிக்குப் போய்ச் சேரும்போது நாலு முப்பத்தைந்து. மற்றப் பிள்ளைகள் போய்விட்டிருந்தார்கள். ஆயா என்னைப் பார்த்ததும் ஆரம்பித்தார். "இன்னா சார், இவ்ளோ லேட்டு? பிஸ்கட் குடுத்தா தொடல. வாட்ச்மேன் கூப்டாரு, போகல. கேட்டப் புடிச்சிக்கினு இங்கியே நிக்குது."

யாழினி என்னைப் பார்த்தாள். என் சட்டையை இரண்டு கையாலும் பிடித்து அடித்தாள்.

"நாலு பத்துக்கு வரேன்னு தானே சொன்ன? ஏன் வரல?"

பிறகு அழுதாள். ஏழு வயதுப் பிள்ளை, கைக்குழந்தையைப் போல. நான் மழையிலேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். வீடு வரும்வரை அவள் என்னோடு பேசவில்லை. வழியில் ராஜகோபுரத்துக்கு எதிரே வண்டியை நிறுத்திக் கும்பிட்டேன்.

அன்பர்களே, எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். இன்னும் சில நாள் கடைக்காரர் பின்னாலேயே போய்விடுகிறாள். நானும் களைத்துத்தான் இருக்கிறேன். ஆனால் கேட்டது கிடைத்தது. உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருந்தால் அந்த அண்ணாமலையானிடம் கேளுங்கள். கேட்டுவிட்டு, சொன்ன நேரத்துக்குப் போய் நில்லுங்கள். அந்த நிற்கும் தெம்பையும் அவன்தான் கொடுத்தான் என்று நம்புகிறேன்.

இன்று காலை ஆட்டோவில் ஏறும்போது யாழினி குமாரை "அண்ணா" என்று கூப்பிட்டாள்.