கொங்கு என்று காதில் விழுந்தது

என் மகள் திருப்பதியில் கராத்தே கற்றுக்கொள்வது எனக்குத் தெரியும், அவள் அப்பாவுக்குத் தெரியாது. அவர் அப்போது குவைத்தில் ஒரு வீட்டில் டிரைவராக இருந்தார். மகள் கம்ப்யூட்டர் படித்துவிட்டு டைப்பிங் கடை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தபோது, கடை விட்டால் ஹாஸ்டல், ஹாஸ்டல் விட்டால் கடை என்று சொல்லித்தான் சம்மதித்தார். தப்பாக ஏதாவது காதில் விழுந்தால் அன்றைக்கே அவளை ஊருக்குக் கூட்டி வந்துவிட வேண்டும் என்று என்னிடம் போனில் சொல்லி வைத்திருந்தார். விழுகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு இருப்பது என் பாடு.

கடையிலிருந்து ஹாஸ்டலுக்கு நடக்கும் வழியில் எவனோ பின்னாலேயே வருகிறான் என்றுதான் அவள் கராத்தேயில் சேர்ந்தாள். அது நியாயமாகத்தான் பட்டது. சொல்லிக்கொடுப்பவர் ஆம்பளை என்று தெரிந்ததும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த மாஸ்டர் நாலைந்து பெண்களை பஸ்ஸில் கூட்டிக்கொண்டு எங்கள் பிச்சாட்டூர் ஏரிக்கே வந்துவிட்டார். மகள் மட்டும் வீட்டுக்கு வந்து பையை வைத்துவிட்டுக் கிளம்பினாள்.

"எங்கடி போற?"

"ஏரியாண்டமா. மிருகம், பட்சியெல்லாம் எப்படி நிக்குது, எப்படி பாயுதுன்னு பாக்கணுமாம். மாஸ்டர் இட்டாந்துகீறாரு."

"அதுக்குத் திருப்பதில நாய் இல்லியா?"

"நாய் பாத்தாச்சு. போன வாரம் பூனைகூடப் பாத்துட்டோம்."

வயசுப் பெண்களை இவ்வளவு தூரம் கூட்டி வந்து ஒரு மனிதர் பறவை காட்டுவாரா? அந்த வருஷங்களில் வெளியூர் ஆட்கள் ஏரிக்கரையில் வந்து நின்றால் நிலம் பார்க்கத்தான் வந்திருப்பார்கள். கார் நிற்கும், கையை நீட்டி அந்தப் பக்கம் இந்தப் பக்கம் காட்டுவார்கள். அது எனக்குப் புரியும். இது புரியவில்லை. ஆடுகளை ஓட்டிக்கொண்டு நானும் பின்னாலேயே போய், கரைக்குக் கீழே, தண்ணீர்ப் பக்கமாக, வேலிக்காத்தான் புதர் மறைவில் நின்றேன்.

மாஸ்டர் நரைத்த தலை, ஒல்லி உடம்பு. பேன்ட்டை முழங்கால் வரை மடித்திருந்தார். பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எதிரே தண்ணீரில் ஒரு கொக்கு நின்றிருந்தது. வெகு நேரம் யாரும் வாயே திறக்கவில்லை. பேசாமல் இருப்பவர்களை நம்புவது எனக்கு இன்னும் கஷ்டம். பிறகு அவர் தெலுங்கில் மெதுவாக ஏதோ சொன்னார். காற்றில் எனக்கு வந்து சேர்ந்தது இதுதான்: "கொங்கு பட்டேதி சூடண்டி."

ஆந்திர எல்லையில் இருக்கும் எங்கள் பக்கம் தெலுங்கு தெரியாதவர்கள் கிடையாது. கொங்கு என்றால் முந்தானை. முந்தானையைப் பிடிப்பதைப் பாருங்கள் என்கிறார். அதற்குப் பெண்கள் தலையாட்டுகிறார்கள். என் மகளும் ஆட்டுகிறாள்.

எதிரில் போய்க் கேட்டிருக்கலாம். நாலு பேர் நடுவில் எனக்குப் பேச வராது, சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். மத்தியானம் மகள் சாப்பிட வந்தபோது தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்.

"இன்னாதான் சொல்லிக் குடுத்தாரு?"

"அவசரப்படக் கூடாதுன்னு சொன்னாரு."

அது போதும் எனக்கு. எதற்கு அவசரப்படக் கூடாது?

வெள்ளிக்கிழமை என் வீட்டுக்காரருக்கு லீவு. அன்றைக்கு எஸ்.டி.டி. பூத்துக்கு போன் வரும். கேட்டதைச் சொன்னால் மகளுடைய திருப்பதி அதோடு முடிந்தது. சொல்லாமல் விட்டு நாளைக்கு ஏதாவது ஆகிவிட்டால்? வியாழக்கிழமை யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறினேன்.

ஒரு கல்யாண மண்டபத்து மாடியில் கிளாஸ் நடந்தது. நான் கதவோரம் உட்கார்ந்தேன். மகள் ஒற்றைக்காலில் பாரம் கொடுத்து, கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு நின்றாள். இன்னொரு பெண் அவளைப் பிடிக்க வந்தாள். மகள் அசையவில்லை. கை தோளில் படப்போகும் நேரத்தில் ஒரே தட்டு. மாஸ்டர் திருப்தியில்லாமல் தலையை ஆட்டினார். மறுபடியும் அந்தச் சொல்லைச் சொன்னார்.

நான் எழுந்துவிட்டேன். எப்படி எழுந்தேன் என்று இன்றைக்கும் தெரியாது.

"இன்னா கொங்கு? யாரு கொங்க யாரு புடிக்கிறது?"

ஒரு பெண் சிரிக்க, எல்லாரும் சிரித்தார்கள். மகள் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எம்மா, கொங்கு இல்லமா, கொங்க. கொக்குமா, கொக்கு. கொக்கு மீன் புடிக்கிறதப் பாக்கச் சொல்றாரு."

அப்போதுதான் சுற்றிலும் பார்த்தேன். ஏரிக்கரையிலும் சரி, இங்கேயும் சரி, முந்தானை இருந்தது எனக்கு மட்டும்தான்.

மாஸ்டர் சிரிக்கவில்லை. உடைந்த தமிழில் பேசினார்.

"எல்லாரும் கொக்கு மூக்கு பாக்கறாங்கம்மா. நான் காலு பாக்கச் சொல்றேன். காலு வெச்சா தண்ணி கலங்காது. மீன் பின்னாடி ஓடாது, மீன் வரணும். அது வரைக்கும் நிக்கணும். அடிக்கிறது ஒரு நிமிஷம் வேலை. நிக்கறதுதான் படிப்பு."

"அன்னிக்கு ஒரு மீனுகூடப் புடிக்கலியே அது" என்றேன். புதரிலிருந்து நானும் அதைத்தானே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எப்படிப் புடிக்கும்? கொக்கு புதர் பக்கமே பாத்துக்கினு இருந்துச்சு. அங்க யாரோ இருக்காங்கன்னு அதுக்கு டவுட்டு. யாரு மேலயோ டவுட்டு இருந்தா அது தலை குனியாது. இந்தப் பசங்களுக்கு அதத்தான் சொன்னேன். கொக்கு எங்க பாக்குது, அங்க நீயும் பாரு."

மகள் பக்கம் திரும்பினேன்.

"உனக்குத் தெரியுமாடி?"

"புதரச் சுத்தி மேஞ்சது நம்ம ஆடுதானமா."

பஸ்ஸில் வரும்போது யோசித்துக்கொண்டே வந்தேன். மனிதர் சொன்னது சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் நான் உட்கார்ந்திருந்த மிச்ச நேரமெல்லாம் அவர் கொங்க என்று சொல்லவே இல்லை, தமிழில் கொக்கு என்றே சொன்னார். எனக்காக ஏன் மாற்றிச் சொல்ல வேண்டும்? மரியாதையாகவும் இருக்கலாம். ஒரு மாதம் போகட்டும், மறுபடியும் போய்ப் பார்க்கலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை போன் வந்தது.

"பொண்ணு நல்லா கீதா?"

"கீது."

"கடை, ஹாஸ்டல், அவ்ளோதான? வேற எங்கனா போதா?"

பூத்துக் கண்ணாடிக்கு வெளியே இரண்டு பேர் காத்துக்கொண்டிருந்தார்கள். நான் கொஞ்சம் நின்றேன்.

"லீவு நாள்ல ஏரியாண்ட வந்து கொக்கு பாக்குது."

"இன்னாது?"

"கொக்கு."

"கொக்குல இன்னாமே கீது பாக்கறதுக்கு?"

"காலு" என்றேன்.

"நீ எதையோ மறைக்கிற" என்றார்.

மற்ற நாளாக இருந்தால் பதறிப்போய் எல்லாவற்றையும் கொட்டியிருப்பேன். அன்றைக்கு ரிசீவரைக் காதோடு வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். அவர் இருந்தார். நானும் இருந்தேன். கடைசியில் அவர்தான், கருப்பு ஆடு குட்டி போட்டுவிட்டதா என்று கேட்டார்.