கிளாசின் மேல் வைத்த கரண்டி

இரத்தத்தில் மூன்று மாதச் சராசரிச் சீனி இறங்கினால்தான் இந்த முறை நோன்பு பிடிக்க விடுவேன் என்று டொக்டர் சொல்லிவிட்டார். அவரும் முஸ்லிம், அரபிக்காரர். மார்க்கம் பேசி அவரிடம் தப்ப முடியாது. பதின்மூன்று வயதில் தொடங்கி அறுபது ரமழான் பார்த்தவன் நான். ஹேர்னியா சத்திரசிகிச்சைக்காக ஒன்பது நோன்பு விட்டேன். அந்த ஒன்பதையும் பிறகு பிடித்து முடித்தேன்.

"பள்ளிவாசல் மண்டபத்தில் அரபு மொழியில் சீனி வருத்த வகுப்பு நடக்குது. நோன்பு, சாப்பாடு எல்லாம் எங்கட முறையில சொல்லித் தருவினம். உங்களுக்கு அரபு தெரியும்தானே, போங்கோ" என்றார். குவைத்தில் பதினொரு வருடம் கணக்காளராக இருந்தவன், தெரியாது என்று எப்படிச் சொல்வது?

எனக்குச் சீனி ஏறிய வழியை நான் அறிவேன். அது பக்கத்து வீட்டு வழி. அங்கே இருப்பவர் ஈராக்கில் பாடசாலை அதிபராக இருந்தவர். ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் ஒரு வெள்ளி அவர் வீட்டிலும் மறு வெள்ளி எங்கள் வீட்டிலும் கூடுவோம். அவர் வீட்டில் கிலெய்ச்சா, பேரீச்சம்பழத்தை வைத்துச் சுருட்டிச் சுட்ட பிஸ்கட். கூடவே சின்னக் கிளாசில், அடியில் சீனி தேங்கி நிற்கும் தேத்தண்ணி. தட்டில் மிச்சம் வைப்பது பாவம் என்று வளர்ந்தவன் நான். வழித்துத் தின்று முடிப்பேன். உடனே தட்டு நிறையும். கிளாசும் அப்படியே. ஒரு வெள்ளி ஏழு கிலெய்ச்சா, நாலு தேத்தண்ணி.

"ஏழெண்டு எண்ணத் தெரியுது, வேண்டாமெண்டு சொல்லத் தெரியாதோ?" என்றாள் மனைவி.

"அந்த மனுசனுக்கு மனம் நோகுமடி."

எனக்குச் சீனி வருத்தம் இருப்பதையே அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அவர் விருந்தில் குற்றம் பிடித்தது போலாகிவிடும் என்று பயம்.

வகுப்பை நடத்தியவர் ஒரு லெபனான்காரத் தாதி. மேசையில் படங்கள் இல்லை. சோறு, ரொட்டி, பேரீச்சம்பழம், தேத்தண்ணிக் கிளாஸ் எல்லாம் அசலாகவே இருந்தன. பதினாறு கதிரைகள். நான் கடைசி வரிசையில் இருந்தேன். "எந்த வீட்டுக்குப் போனால் உங்களுக்குச் சீனி ஏறும்?" என்று தாதி கேட்டார்.

முன்வரிசையில் ஒரு கை உயர்ந்தது. அந்தப் பிடரியை எனக்குத் தெரியும். அவர் அரபில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்.

"என்ர பக்கத்து வீட்டு இலங்கைக்காரர். தங்கமான மனுசன். ஆனா வட்டிலப்பத்தைத் துண்டு துண்டா வெட்ட மாட்டார், செங்கல் செங்கல்லா வெட்டுவார். வேண்டாமெண்டால் முகம் சுருங்கிப் போகும்."

பென்டில் ஹில் இலங்கைக் கடைகளில் தேடி வாங்கின கித்துள் கருப்பட்டியைப் போட்டு, முட்டையும் தேங்காய்ப்பாலும் அடித்து என் மனைவி அவிக்கும் வட்டிலப்பம் அது. என்னால் இருக்க முடியவில்லை, எழும்பினேன்.

அவர் திரும்பினார். "ஹாஜி! நீங்கள் இஞ்ச என்ன செய்யிறியள்?"

"நீங்கள் தந்த கிலெய்ச்சா கொண்டுவந்து விட்டது."

மண்டபம் சிரித்து ஓயத் தாதி பொறுத்திருந்தார். பிறகு ஒரு கிளாசை எடுத்து அதன் வாயில் கரண்டியைக் குறுக்கே வைத்தார். "இதுக்கு என்ன அர்த்தம்?"

"போதும்" என்றார்கள் எல்லோரும், என்னைத் தவிர.

வெறுங் கிளாஸ் என்றால் இன்னும் ஊற்று, கரண்டி கிடந்தால் நிறுத்து. யாருக்கும் மனம் நோகாது. வழித்த தட்டும் அப்படித்தானாம், இன்னும் கேட்கிற தட்டு. குவைத்தில் பதினொரு வருடமும் அலுவலகக் கோப்பையில் குடித்தவனுக்கு இதை யார் சொல்லித் தந்தார்கள்? "தட்டம் குசினியை விட்டு வெளிக்கிட முதல், வாசலிலேயே வேண்டாமெண்டு சொல்லிவிடுங்கோ. தட்டம் வந்த பிறகு மறுத்தால் சண்டை" என்றும் தாதி சொல்லித் தந்தார்.

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைகளில் வெள்ளரிக்காயும் பிஸ்தாவும்தான். மிச்சம் ஐந்து வகுப்புக்கும் பக்கத்து வீட்டுக்காரரின் காரிலேயே போனோம்.

மூன்று மாதம் கழித்து அவருக்கு இறங்கியது, நோன்புக்கு அனுமதி கிடைத்தது. எனக்கும் இறங்கியது, ஆனால் போதவில்லை.

"புள்ளிக்குப் பிறகு வாற இலக்கம்தானே டொக்டர்" என்றேன்.

"நீங்கள் கணக்காளர். அந்த இலக்கத்தை விடுவியளோ?"

முதல் நோன்பு. மத்தியானம் மனைவி எனக்குச் சோற்றை மூடி வைத்துவிட்டுத் தொழப் போனாள். தெரிந்தவர் எல்லோரும் பசித்திருக்க நான் மட்டும் எப்படி வாய் வைப்பது? கையைக் கழுவிவிட்டு அப்படியே இருந்தேன். வாசல் மணி அடித்தது. பக்கத்து வீட்டுக்காரர் பிளாஸ்க்கோடு நின்றார்.

"உங்களைத் தனியச் சாப்பிட விடுவனோ ஹாஜி?"

நோன்போடு எனக்கு எதிரே கதிரையில் இருந்து, ஊர்க்கதை சொல்லிக்கொண்டு, நான் உண்டு முடிக்கும்வரை பார்த்திருந்தார். பிறகு சீனி போடாத தேத்தண்ணி ஊற்றினார். குடித்தேன். கிளாஸ் காலியானதும் அவர் கை தன்பாட்டில் பிளாஸ்க்குக்குப் போனது. நான் கரண்டியைக் குறுக்கே வைத்தேன்.

"படிச்சிட்டியள்" என்று சிரித்தார். "நாளைக்கும் வாறன்."

இருபத்தொன்பது நோன்பில் இருபத்தெட்டு நாள் வந்தார். அவர் பேரனுக்குக் காய்ச்சலான அந்த ஒரு நாள் பிளாஸ்க் மட்டும் வேலிக்கு மேலால் வந்தது. அன்று நானே ஊற்றி மூன்று கிளாஸ் குடித்தேன். கரண்டி வைக்கவில்லை.