வால்யூம் குமிழில் வைத்த சந்தனம்

எங்கள் யார்டில் புதிதாக மூன்று பேர் சேர்ந்திருக்கிறார்கள். அவர்களுக்காக டெலிவரி டெமோ பற்றி எழுதித் தரும்படி மேனேஜர் சொன்னார். நான்கு வருட வேலையை வைத்துக்கொண்டு மற்றவர்களுக்கு எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். செய்த தப்பை எழுத நான்கு வருடம் போதும் என்று தோன்றியது.

1. இலுப்பூரிலிருந்து ஒரு போன்

புதுக்கோட்டையில் பழைய கார்களை வாங்கி, சரிபார்த்து, விற்கிறோம். விற்ற காரை ஒப்படைக்கும்போது வாங்கியவரை டிரைவர் சீட்டில் உட்காரவைத்து, வைப்பர் எது, ஹசார்டு லைட் எது, ரேடியோவையும் சிடி பிளேயரையும் எப்படி இயக்குவது என்று காட்டுவது என் வேலை. எங்களிடம் வரும் கார்களில் பாதிக்குமேல் பத்து வருடம் ஓடியவை. அவற்றில் இன்னும் சிடி பிளேயர்தான்.

அன்று மதியம் என் மகன் நித்தினுக்குக் காய்ச்சல் என்று பாலர் காப்பகத்திலிருந்து போன் வரும் என எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தது வேறு போன். பேசியவர் தமிழரசி, கிராமச் சுகாதாரச் செவிலியர். இலுப்பூரில் வீடு, குன்றாண்டார்கோவில் பக்கம் வேலை. பத்து நாளைக்கு முன்பு எங்களிடம் ஒரு வெள்ளைக் கார் எடுத்திருந்தார். லைசென்ஸ் வாங்கி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது.

"நீங்க சொல்லிக் குடுத்த மாதிரிதாங்க செஞ்சேன். ரேடியோ சத்தம் கூடுதலா இருந்துச்சு, கொறைக்கலாம்னு திருப்புனேன். இன்னும் கூடுது. திரும்பத் திருப்புனா இன்னும் கூடுது. அமுக்குனேன், அணைய மாட்டேங்குது. என்னடா இதுன்னு குனிஞ்சு பாத்தேன். நிமிந்தா வண்டி கருவேலஞ்செடிக்குள்ள நிக்கிது."

"பாப்பா கூட இருந்துச்சாக்கா?"

"பின் சீட்டுல இருந்துச்சு. ஒண்ணும் ஆகலங்க. லைட்டு ஒடஞ்சிருச்சு, அம்புட்டுதான். இன்னொரு தடவ போவோமான்னு கேக்குது."

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பின் சீட்டில் என் மனம் நித்தினை உட்காரவைத்துவிட்டது.

அவருடைய கணவர் சிங்கப்பூரில் இருக்கிறார். விஷயத்தைக் கேட்டதும், கை நிதானமில்லாதவளுக்குக் கார் எதற்கு, மாதக் கடைசியில் லீவில் வந்ததும் விற்றுவிடுகிறேன் என்று சொல்லிவிட்டாராம்.

"அவுக சொல்றதும் சரிதாங்க. வித்துட்டா மறுபடி ரெண்டு பஸ்ஸு மாறிப் போகணும், தடுப்பூசிப் பெட்டியத் தூக்கிக்கிட்டு. என்ன செய்ய, எங்கைக்கு வராதுபோல" என்றார்.

மேனேஜரிடம் சொன்னேன். அவர் கணினியிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"புதுசா ஓட்டுறவங்க. பதட்டத்துல எந்தப் பக்கம் திருப்புனாங்களோ. வண்டிய இங்க கொண்டாரச் சொல்லு, லைட்ட மாத்திக் குடுத்துருவோம். வேற எதையும் நீயா இழுத்துப் போட்டுக்காதம்மா."

2. கண்ணைக் கட்டிக்கொண்டு

அவரிடம் சத்தத்தைக் குறைக்க எந்தப் பக்கம் திருப்பச் சொன்னேன்? இடப்பக்கம் என்றுதான் எப்போதும் சொல்வேன். அன்று மாற்றிச் சொல்லியிருப்பேனோ என்று ஒரு சந்தேகம் வந்துவிட்டது. எனக்குச் சந்தேகம் வந்தால் லேசில் போகாது. கேஸ் அடுப்பை அணைத்தேனா என்று பார்க்கப் பாதி வழியில் திரும்பிப் போகிற ஆள் நான்.

கார் வந்து சேர இரண்டு நாள் ஆகும் என்றார்கள். அந்த இரண்டு நாளும் சாப்பாட்டு நேரத்தில் யார்டில் நின்ற கார்களில் ஒவ்வொன்றாக ஏறி உட்கார்ந்தேன். என் கேள்வி சின்னது. ரேடியோவை ஒரு தடவை தொட, சாலையிலிருந்து கண்ணை எவ்வளவு நேரம் எடுக்கிறோம்?

கார் நிற்கும்போதே சோதித்தேன். எதிரே உள்ள வேப்பமரத்தைச் சாலையாக வைத்துக்கொண்டேன். கண் அதைவிட்டு விலகியதும் நித்தினுக்குச் சொல்லித் தருவதுபோல் ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். ஸ்டேஷன் மாற்ற மூன்று. சிடியை வெளியே எடுத்து, உறையில் போட்டு, இன்னொன்றைச் செருகப் பதினொன்று. என் டெமோவில் சிடி மாற்றுவதைக் காட்டுவேன். ஓடும்போது மாற்றாதீர்கள் என்று ஒருவரிடமும் சொன்னதாக நினைவில்லை. அது அவர்களுக்கே தெரியும் என்று நினைத்திருந்தேன்.

பிறகு துப்பட்டாவால் கண்ணைக் கட்டிக்கொண்டு கையால் மட்டும் தேடிப் பார்த்தேன். எலக்ட்ரீஷியன் பீர் அண்ணன் வந்து கண்ணாடியைத் தட்டினார். கட்டுமாவடிக்காரர். வளைகுடாவில் பதினைந்து வருடம் கார் வயரிங் பார்த்துவிட்டு வந்தவர்.

"என்னம்மா, கண்ணாமூச்சியா? ஒளிஞ்சிருக்குறது யாரு, மேனேஜரா?"

விஷயத்தைச் சொன்னேன். முழுவதையும் கேட்டார்.

"கையால தேடுறப்ப எது லேசாக் கெடைக்குது?"

"உருண்டையா இருக்குற வால்யூம் குமிழுதாண்ணே. ஒரே வாட்டியில கை போயிருது."

"ஆங். அதுக்குத்தான் அத உருட்டி வச்சிருக்கான். பாக்காமயே புடிக்கிற ஒரே சாமான் அதுதான். அது பொய் சொன்னா டிரைவர் குனிஞ்சு பாத்துத்தான் ஆகணும். அந்த வண்டி வரட்டும். அத அங்கிட்டு இங்கிட்டு விடாம எங்கிட்டக் கொண்டா."

3. வாசனை

வெள்ளைக் கார் வந்தது. லைட்டைத் தொடுவதற்கு முன் சாவியைத் திருகி ரேடியோவைப் போட்டோம். குமிழை இடப்பக்கம் திருப்பினேன். சத்தம் ஏறியது. இன்னும் திருப்பினேன். இறங்குவதுபோல் இறங்கி, மறுபடி குதித்து ஏறியது. நடுவில் அமுக்கினால் அணைய வேண்டும். குமிழ் உள்ளேயே போகவில்லை.

தமிழரசியின் கையில் தப்பில்லை. என் டெமோவிலும் தப்பில்லை. ஒரு நிமிடம் எனக்கு அவ்வளவு நிம்மதியாக இருந்தது.

பீர் அண்ணன் ரேடியோ செட்டைக் கழற்றி மேசைமேல் வைத்து, குமிழைப் பிடுங்கினார். அதன் தண்டைச் சுற்றி மஞ்சளாக ஏதோ காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. ஸ்க்ரூ டிரைவர் நுனியால் சுரண்டிக் காட்டினார்.

"மாவு மாதிரி இருக்கு. உள்ள எறங்கி, தொடுற எடத்துல எல்லாம் படிஞ்சிருக்கு. இது படிஞ்சா கொறைக்கச் சொன்னாலும் கூட்டச் சொன்னாலும் செட்டுக்கு ஒண்ணுதான். என்னதும்மா இது?"

நான் மூக்கருகே கொண்டுபோனேன். பார்க்காமலே தெரிந்தது. பன்னீர் கலந்த சந்தனம்.

புதிய ஆட்களுக்கு இதைச் சொல்லியாக வேண்டும். பழைய காரானாலும், எடுக்கிறவருக்கு அது புதுக் கார்தான். டெலிவரிக்கு முன் சந்தனமும் குங்குமமும் வைத்து, எலுமிச்சை நசுக்கி, போட்டோ எடுப்போம். பொட்டு வைப்பது என் பொறுப்பு. கெட்டிச் சந்தனம் போட்டோவில் திட்டுத் திட்டாகத் தெரிகிறது என்று மேனேஜர் ஒருமுறை சொன்னதிலிருந்து பன்னீரை அதிகம் விட்டு நீர்க்கக் கரைப்பேன். ஸ்டியரிங்கில் ஒன்று, கியரில் ஒன்று. ரேடியோவின் வால்யூம் குமிழ் வட்டமாக, டாஷ்போர்டின் நடுவில், பொட்டு வைப்பதற்கென்றே செய்ததுபோல் இருக்கும். அங்கே ஒன்று.

போனை எடுத்துத் தமிழரசியின் டெலிவரி போட்டோவைத் தேடினேன். அவர் சாவியைப் பிடித்துச் சிரிக்கிறார். பின்னால், திறந்த கதவுவழியாக, குமிழில் என் பொட்டு. அதிலிருந்து ஒரு மஞ்சள் கோடு வழிந்து இடுக்குக்குள் இறங்குகிறது.

"நாந்தாண்ணே வச்சேன்."

பீர் அண்ணன் என் முகத்தைப் பார்த்தார். "விடு. நான் இத ஒடஞ்ச செட்டுன்னு சொல்லி வேற மாத்திர்றேன். யாருக்குத் தெரியப் போகுது?"

4. யாருக்குத் தெரிய வேண்டும்

வீட்டுக்குப் போயும் அதே யோசனை. மேனேஜருக்குத் தெரிந்தால் வேலை போகுமா? போனால் நித்தினின் காப்பகத்துக்கு என்ன செய்வது? தெரியாவிட்டால் யாருக்கு நஷ்டம்? சுற்றிச் சுற்றி ஓர் இடத்தில் வந்து நின்றேன். செட்டை மாற்றிக் கொடுத்தாலும், தன் கைக்கு வராது என்றே தமிழரசி நினைத்துக்கொண்டிருப்பார். மாதக் கடைசியில் கார் விற்கப்படும்.

இன்னொன்றும் இருந்தது. அந்தப் பன்னீர்ச் சந்தனத்தை நான் ஒரு காருக்கு மட்டும் வைக்கவில்லை.

மறுநாள் காலை டெலிவரி போட்டோக்களைப் பின்னோக்கிப் பார்த்தேன். திருகு குமிழ் உள்ள கார்கள் இன்னும் நான்கு. நான்கு பேருக்கும் போன் செய்தேன். மூன்று பேர் நன்றாக இருக்கிறது என்றார்கள். நான்காவது ஆள், அறந்தாங்கியில் மளிகை வியாபாரி, சாவகாசமாகச் சொன்னார்:

"ஆமாம்மா, சவுண்டு குதிக்குது. பழைய வண்டின்னா அப்புடித்தான்னு விட்டுட்டேன். நான் ஓரங்கட்டி நிப்பாட்டிட்டுத்தான் ரேடியோவத் தொடுவேன். பாட்டுக்கு என்ன அவசரம்?"

அந்த ஒரு பழக்கம் அவரைக் காப்பாற்றியிருக்கிறது. அவரையும் செட்டைக் காட்ட வரச் சொல்லிவிட்டு மேனேஜர் முன் போய் நின்றேன். போட்டோவைக் காட்டினேன். அவர் பெரிதாக்கிப் பார்த்தார், சின்னதாக்கிப் பார்த்தார்.

"இத கஸ்டமருக்குச் சொல்லணுமா?"

"சொல்லணும் சார். அவங்க வண்டிய விக்கப் போறாங்க."

"நம்ம மேல கேஸு கீஸு போட்டா?"

"நான் வச்சதுன்னே சொல்றேன் சார்."

கொஞ்ச நேரம் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார். "தண்ணியாக் கரைக்கச் சொன்னது நாந்தானே" என்றார். "அதையும் சேத்துச் சொல்லு."

5. கை

லைட்டும் ரேடியோ செட்டும் மாற்றிய வண்டியை எடுக்கத் தமிழரசி வந்தபோது மகளையும் கூட்டி வந்திருந்தார். மேசைமேல் பழைய குமிழையும் போட்டோவையும் வைத்தேன். எப்படிச் சொல்வதென்று பேருந்தில் ஒத்திகை பார்த்து வந்திருந்தேன். அதில் ஒரு வரியும் ஞாபகம் வரவில்லை. "நான் வச்ச பொட்டாலதாங்க்கா. உங்க மேல தப்பே இல்ல. மன்னிச்சுக்கங்க" என்றேன்.

அவர் குமிழை எடுத்து முகர்ந்து பார்த்தார்.

"அப்ப நான் சரியாத்தான் திருப்புனேனா?"

"சரியாத்தான் திருப்புனீங்க."

"இந்த நாலஞ்சு நாளா ஊசி போடுறப்பக்கூட இந்தக் கையப் பாத்துக்கிட்டே போடுறேங்க. நடுங்குதோன்னு."

என் தப்பு இவ்வளவு தூரம் போயிருக்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

அங்கேயே சிங்கப்பூருக்கு வீடியோ கால் போட்டார். "இந்தா, கடைக்காரவுகளே சொல்றாக, கேளுங்க" என்று போனை என் பக்கம் திருப்பினார். நடந்ததை அவரிடமும் சொன்னேன்.

"ஆனா ஓட்டுறப்பக் குனிஞ்சு பாத்தது நீதானே?" என்றார் கணவர்.

"அது நான்தான். இனிமே சத்தம் என்ன போட்டாலும் மொதல்ல வண்டிய நிப்பாட்டுவேன். விக்கிறதப் பத்தி நீங்க வந்து என் பக்கத்துல ஒக்காந்து வந்துட்டுச் சொல்லுங்க" என்று தமிழரசி போனை வைத்தார்.

பிறகு டெமோவை முதலிலிருந்து செய்தோம். கிளம்பும் முன்பே ஸ்டேஷனையோ சிடியையோ வைத்துவிட வேண்டும். ஹார்ன் சத்தம் காதில் விழும் அளவுக்குத்தான் வால்யூம். நிறுத்தும்போது குறைத்துவிட்டு நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த தடவை அதே சத்தத்தில் ஆரம்பிக்கும். ஓடும்போது சிடி மாற்றக் கூடாது. எது கோளாறு செய்தாலும் இண்டிகேட்டர் போட்டு ஓரங்கட்டிய பிறகுதான் குனிய வேண்டும். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு ரேடியோவை அணைக்கச் சொன்னேன். ஒரே தடவையில் கை போய்விட்டது. பின் சீட்டில் மகள் கை தட்டினாள்.

கிளம்பும் நேரத்தில் அவர் கேட்டார்: "பொட்டு வைக்கலையா?"

கெட்டியாகக் கரைத்த சந்தனம் கிண்ணத்தில் இருந்தது. விரலில் தொட்டுவிட்டேன். ஸ்டியரிங்கைப் பார்த்தேன், ஹார்ன் அங்கே இருக்கிறது. கியரைப் பார்த்தேன், அதிலும் இடுக்கு இருக்கிறது. எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றேன்.

அவர் ஜன்னல்வழியாக வலது புறங்கையை நீட்டினார். பிறகு அதை மடக்கிக்கொண்டு இடது கையை நீட்டினார். ரேடியோவைத் திருப்பிய கை அதுதான்.

"இதுக்கு வைங்க. இதுதான் ரொம்பத் திட்டு வாங்குச்சு."

வைத்தேன். யார்டு கேட்டைத் தாண்டும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். ரேடியோ சத்தம் கேட்கவில்லை. இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருந்தன.

இப்போது எங்கள் கார்களுக்குப் பொட்டு பானட்டின் மேல் மட்டும்தான். புதிதாக வந்திருப்பவர்கள் இதை மறக்க வேண்டாம். வைத்த பிறகு அது எங்கே வழிகிறது என்று குனிந்து ஒரு தடவை பாருங்கள். நான் இரண்டு தடவை பார்க்கிறேன்.