ஒரு நாள் பொறுக்காத உமாமகேஸ்வரி

நெரவி உமாமகேஸ்வரிக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வேலையில் மட்டும் அவளை ஒருவரும் குறை சொல்ல முடியாது. காரைக்காலில் அவள் வேலை பார்த்த மென்பொருள் நிறுவனம், தான் செய்யும் செயலிகளை அவை ஓடுவதற்கு வேண்டிய சாமான்களோடு மூட்டை கட்டி, வெளியார் நுழைய முடியாத ரெஜிஸ்ட்ரி என்ற கிடங்கில் போட்டு வைக்கும். அந்த மூட்டைகளைத்தான் கன்டெய்னர் இமேஜ் என்பார்கள். அங்கே என்னென்ன கிடக்கிறது என்று தேடிப் பிடித்து, எதிலாவது பாதுகாப்பு ஓட்டை இருக்கிறதா என்று ஸ்கேன் செய்வது அவள் பொறுப்பு.

அதுவரை ஸ்கேனர் புதிய இமேஜ்களை மட்டும்தான் பார்த்து வந்தது. "பழசுல ஓட்ட இருந்தா பரவால்லயாமா?" என்று அவள்தான் அதை மூலை முடுக்கெல்லாம் தேடும்படி மாற்றி வைத்தாள். அன்றைக்கே ஒன்று சிக்கியது. எல்லாரும் மறந்துபோன பழைய இமேஜ். அதற்குள் ஒரு வாடிக்கையாளரின் தரவுகளைத் திறக்கும் பாஸ்வேர்ட் அப்படியே எழுதிக் கிடந்தது: அஞ்சுகம். அதே பாஸ்வேர்ட்தான் இன்னும் புழக்கத்தில் இருந்தது. அந்த இமேஜைச் செய்தவன் அவளோடு வேலை பார்த்த பட்டினச்சேரி ஐயனார்.

ஐயனார் அவளை வாய் நிறைய அக்கா என்று கூப்பிடுபவன். வேலைக்கு வந்த புதிதில் செய்த காரியம் அது. ஒப்பந்தத்தில் இருந்தவனுக்கு அந்த வாரம்தான் வேலை நிரந்தரமாவதாக இருந்தது.

ஓட்டை கண்டால் செய்தவனிடம் முதலில் சொல்லி, சரிசெய்ய ஒரு நாள் கொடுத்து, அதற்குப் பிறகுதான் வாடிக்கையாளருக்கு அறிக்கை அனுப்புவது அங்கே வழக்கம். உமாமகேஸ்வரி போன் அடித்தாள். எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தாள். ஊஹூம். மீன்பிடித் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் கடலுக்குக் கிளம்பும் நாள் அது. மீனவர் ஊரான பட்டினச்சேரி மொத்தமும் துறைமுகத்தில் நிற்கும். அந்தச் சத்தத்தில் போன் எங்கே கேட்கும்? அவளுக்கும் தெரியும். ஆனாலும் பற்றிக்கொண்டு வந்தது. "பாஸ்வேர்ட தொறந்து போட்டுட்டு தொர படகுக்குக் கை காட்டப் போயிட்டாராக்கும்!" என்று பொரிந்துவிட்டு, வாடிக்கையாளருக்கு அன்றைக்கே அறிக்கையை அனுப்பிவிட்டாள்.

வாடிக்கையாளர் குதித்த குதியில் மேலாளர் சிவசுப்பிரமணியன் ஐயனாரை வேலையை விட்டு நிறுத்திவிட்டார். உள்ளே யாரும் நுழைந்த தடயமே இல்லை என்று அவள் எவ்வளவோ எடுத்துச் சொன்னாள்.

"அனுப்புனது நீங்கதானே மேடம்?" என்றார் அவர்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு துறைமுகத்துக்குப் போனாள். ஐயனார் வலை பிரித்துக்கொண்டிருந்தான். பின்னால் அவன் அப்பாவின் படகு. அதன் முகப்பில் சிவப்புப் பெயின்டில், கொட்டை எழுத்தில், அஞ்சுகம். ஐயோ என்றிருந்தது அவளுக்கு.

"எங்கம்மா பேருக்கா," என்றான் ஐயனார். "நான் காலேஜ்ல படிக்கயில போய்ச் சேந்துட்டாங்க. எங்க ஊர்ல புதுசா எது செஞ்சாலும் செத்தவங்க பேரத்தான் வைப்போம். நானும் அந்த நெனப்புல வச்சுட்டேன்."

"ஒரு நாள் பொறுத்திருக்கணும் ஐயனாரு. என் கோவத்துல உன் பொழப்பக் கெடுத்துட்டேன்."

"விடுங்கக்கா. உங்க வேலய நீங்க செஞ்சீங்க." வலையைக் கீழே வைத்தான். "அந்தப் பாஸ்வேர்ட மாத்தியாச்சா?"

"அன்னிக்கே மாத்தியாச்சு."

"மாத்த ரொம்ப நேரம் ஆச்சோ?"

பொய் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. "ரெண்டு நிமிஷம்கூட ஆவல."

ஐயனார் தலையை ஆட்டினான். "சரிங்க மேடம்," என்று சொல்லிவிட்டு மறுபடி வலையைப் பிரிக்க ஆரம்பித்தான்.