மீதி சார் பாட்டு எடுத்த பருவம்

அந்த நடுநிலைப் பள்ளியின் கணக்கு ஆசிரியருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. வருகைப் பதிவேட்டுக்கு வெளியே அதற்கு வேலை இருந்ததில்லை. பிள்ளைகளுக்கு அவர் மீதி சார். வகுத்தல் கணக்கை முடித்தவனிடம் "மீதி என்ன?" என்று கேட்பார். கணக்கு வாத்தியார் கேட்கத்தானே வேண்டும்? ஆனால் மைதானத்திலிருந்து வரிசையாக வருகிற கூட்டத்தைப் பார்த்தும் "மீதிப் பேர் எங்கே?" என்பார். பாதிச் சாப்பாட்டோடு டப்பாவை மூடுகிறவனிடம் "மீதியை யார் சாப்பிடுவா, உங்க தாத்தாவா?" என்பார். கோபம் வந்தால் கத்துகிற வழக்கம் கிடையாது. சாக்பீஸை மேசைமேல் வைத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அவர் துடைக்க ஆரம்பித்தால் வகுப்பு கப்சிப்.

பள்ளிக்கூடத்துக்கு வாரம் என்பது ஒரு பழகிய மாடு. அது தன் வழியில் தானே போகும். திங்கட்கிழமை அசெம்பிளியில் மைக் முதலில் ஊளையிடும், பிறகுதான் பேசும். காணாமற்போன தண்ணீர் பாட்டில்கள் மேடையில் அணிவகுத்து நிற்கும். ஒன்றுக்கும் சொந்தக்காரன் வரமாட்டான். செவ்வாய் பரீட்சை, அதனால் செவ்வாய்க்கிழமைதோறும் நாலு பேருக்கு வயிற்றுவலி. புதன்கிழமை பந்து சுவரேறிக் குதிக்கும். வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் பள்ளி முழுவதும் ஹாலில் கூடும், ஏதாவது ஒரு வகுப்பு மேடையேறி எதையாவது செய்துகாட்டும். இதற்கு நடுவே வியாழக்கிழமை, சாப்பாட்டுக்குப் பிறகு, ஏழாம் வகுப்புக்குப் பாட்டு.

பாட்டு டீச்சர் பிரசவ விடுப்பில் போனார். அவருடைய சொந்தக் கீபோர்டும் அவரோடு போயிற்று. மாற்று ஆள் அனுப்புவதாகச் சொன்ன மேலிடம், மேலிடங்கள் வழக்கமாகச் செய்வதையே செய்தது.

தலைமை ஆசிரியை மீதி சாரைக் கூப்பிட்டனுப்பினார். நியாயமான மனுஷி. ஆனால் ஒரு விதியைப் பிடித்தால் உடும்புப் பிடி. ஒரு வருஷம் ஓவியம் தெரியாத ஒருவரிடம் ஓவிய வகுப்பைக் கொடுத்து, பிள்ளைகள் வருஷம் முழுக்க டெஸ்க்கில் தலைவைத்துத் தூங்கியதிலிருந்து வந்த விதி அது: பாடம் தெரிந்த ஆள் இருந்தால்தான் அந்தப் பாடத்துக்குப் பீரியட்.

"வியாழக்கிழமை பாட்டு பீரியடை நீங்களே கணக்குக்கு எடுத்துக்குங்க சார். நேரம் பத்தலை, பத்தலைன்னு சொல்லிட்டே இருப்பீங்களே."

கரும்பு தின்னக் கூலியா என்று வேறு எவரும் குதித்திருப்பார்கள். மீதி சார் கண்ணாடியைத் துடைத்தார்.

"வேணாம் மேடம். பாட்டு பாட்டாவே இருக்கட்டும்."

"யார் எடுப்பா?"

"நான் எடுக்கிறேன்."

"உங்களுக்குப் பாட்டு தெரியுமா?"

"தெரியும்."

தப்பான விடையைப் போர்டில் எழுதிக்கூடக் காட்டாத மனிதர் அவர். சொன்ன பிறகு அவருக்கே காது சூடேறியது. தலைமை ஆசிரியை அவரை ஒரு நிமிஷம் பார்த்தார். "சரி. பருவத் தேர்வுக்கு முந்தின வெள்ளிக்கிழமை ஏழாவது மேடையில பாடட்டும். கேட்டுட்டு முடிவு பண்றேன். சரியா வரலைன்னா அடுத்த பருவத்துலேர்ந்து அது கணக்கு பீரியட்."

எதற்கு இந்த வேண்டாத வேலை என்று கேட்கலாம். காரணம் இருந்தது. வியாழக்கிழமை பாட்டுக்கு அடுத்த பீரியட் அவருடைய கணக்கு. மற்ற நாட்களில் பின்னம் என்றாலே முகம் தொங்கிப்போகிற பிள்ளைகள் அன்றைக்கு மட்டும் தெம்பாக உள்ளே வருவார்கள். வாரம் முழுக்கக் கையே தூக்காதவன் கையைத் தூக்குவான். பல வருஷமாக இதைப் பார்த்து வைத்திருந்தார். பாட்டைப் பிடுங்கிக் கணக்குக்குக் கொடுத்தால், கணக்கும் சேர்ந்து போய்விடும் என்பது அவர் கணக்கு.

அவர் மனைவி வீட்டு முன்னறையில் தையல் மிஷின் போட்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் மிஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தார்.

"பாட்டுக்கும் உங்களுக்கும் ஏழாம் பொருத்தமாச்சே! காலிங் பெல் அடிச்சா போனை எடுத்து ஹலோ சொல்ற ஆளு நீங்க."

"தெரியும்னு சொல்லிட்டேனே."

"பொய்யா? நீங்களா? ஆயிரம் பொய் சொல்லிக் கல்யாணம் பண்றாங்க. நீங்க பொண்ணு பாக்க வந்தப்பவே, எனக்கு முடி கொட்டுது, சம்பளம் கம்மின்னு உண்மையைச் சொல்லி எங்கப்பாவைப் பயமுறுத்தினவரு. இப்ப போய் எதுக்குங்க?"

அவருக்கு எல்லாப் பாட்டும் ஒரே பாட்டு, வார்த்தை மட்டும் மாறும். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும் என்று அன்றைக்குச் சாப்பிடும்போது அவருக்கே தோன்றியது.

முதல் வியாழக்கிழமை. பழைய டீச்சர் குரல் பார்த்துப் பொறுக்கியெடுத்த பிள்ளைகள் முன்னால் நின்றார்கள். மற்றவர்கள் வழக்கம்போல் வீட்டுப்பாடத்தை எடுத்துக்கொண்டு நூலகத்துக்குக் கிளம்பினார்கள்.

"மீதிப் பேர் எங்கே போறீங்க?"

"நாங்க பாட்டுல இல்ல சார்."

"யார் சொன்னா? வந்து நில்லுங்க."

பெருந்தன்மை என்று யாரும் தப்பாக நினைத்துவிட வேண்டாம். எந்தக் குரல் நல்ல குரல், எது இல்லை என்று அவருக்குப் பிரிக்கத் தெரியாது. பிரிக்கத் தெரியாதவர் எல்லாரையும் எடுத்துக்கொள்வதைத் தவிர வேறென்ன செய்வார்? அப்படி உள்ளே வந்தவர்களில் ஒருவன் லாரி. மகரக்கட்டு உடைகிற வயது. ஒரு சொல் அடித்தொண்டையில் கிளம்பினால் அடுத்த சொல் கூரையில் முட்டும். ஹாரன் மாதிரி இருக்கிறதென்று வைத்த பெயர். வருஷக்கணக்காக அவன் பாட்டுப் பீரியடில் நூலகத்தின் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தவன்.

மழையைப் பற்றிய பாட்டு ஒன்றைப் பழைய பிள்ளைகள் சொல்லிக்கொடுக்க, மற்றவர்கள் கற்றுக்கொண்டார்கள். மீதி சார் அளவுகோலை வைத்துக்கொண்டு தாளத்தை எண்ணினார். எண்ணுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. மற்ற விஷயத்துக்குத்தான் வழி தெரியவில்லை.

வழி அடுத்த வாரம் கிடைத்தது. மூன்றாவது வரிசைப் பயல்கள் அவரைச் சோதிக்க வேண்டுமென்றே கோணலாகப் பாடினார்கள். அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் ஜன்னலோரம் நின்ற ஒரு பெண்ணின் முகம், பிஞ்சுப் புளியங்காயைக் கடித்ததுபோல் சுருங்கியது. வாயே திறக்காதவள். பிள்ளைகள் ஊமைக்கோட்டான் என்று ஆரம்பித்து, நாளடைவில் கோட்டான் என்று சுருக்கியிருந்தார்கள். யாருக்குக் கணக்குப் புரிந்தது, யார் புரிந்தமாதிரி தலையாட்டுகிறார் என்பதை இத்தனை வருஷமும் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்தவர் அவர். அவள் கண் போன திசையைப் பார்த்தார்.

"மூணாவது வரிசை. மறுபடியும்."

மூன்றாவது வரிசை வாயடைத்துப்போயிற்று. சாருக்குப் பாம்புச் செவி என்று அன்று சாயங்காலத்துக்குள் பள்ளி முழுக்கப் பரவிவிட்டது.

மணி அடித்ததும் அந்தப் பெண்ணை நிறுத்திக் கேட்டார். "நீ ஏம்மா பாடறதில்ல?"

"தப்பாப் பாடினா பல்லு கூசுது சார்."

"யார் பாடினா?"

"யார் பாடினாலும். நான் பாடினாலும்."

"அப்ப நீ எனக்கு எதிர்ல நில்லு. உன் பல்லு எனக்கு வேணும்."

அவள் முதன்முறையாகச் சிரித்தாள். அவளுக்கு மட்டும் விஷயம் புரிந்திருக்க வேண்டும், வெளியே சொல்லவில்லை. அதற்குப் பிறகு பாட்டு ஆரம்பிக்குமுன் அவள் மெதுவாக ஒரு 'ம்' கொடுப்பாள். அந்தச் சுருதியைப் பிடித்துக்கொண்டு வகுப்பு கிளம்பும். லாரியை என்ன செய்வதென்று அவளே ஒரு வழி சொன்னாள்: "அவன் கீழேயே பாடட்டும் சார். மேலே ஏற வேணாம்." லாரி கீழே பாடினான். முதல் நாள் வகுப்பு சிரித்தது. மீதி சார் கண்ணாடியைத் துடைத்தார். அடுத்த வாரம் இன்னும் ரெண்டு பையன்கள் தாமாகவே லாரி பக்கத்தில் போய் நின்றுகொண்டார்கள்.

எனக்கு அந்த மனிதரை நினைத்தால் பெருமையாகத்தான் இருக்கிறது. கண் தெரியாதவர் ஊசியில் நூல் கோப்பதுபோல் ஒவ்வொரு வியாழக்கிழமையும் அந்த அறைக்குள் போனார். உள்ளூர எவ்வளவு நடுங்கினார் என்பது மனைவிக்குத்தான் தெரியும். வியாழக்கிழமை காலையில் மட்டும் அவர் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொள்வார். அந்த அம்மாள் வாசலில் நிறுத்திச் சரிசெய்து அனுப்புவார்.

அந்த வெள்ளிக்கிழமையும் வந்து சேர்ந்தது. ஹால் நிறையப் பிள்ளைகள். முன்வரிசையில் தலைமை ஆசிரியை, கையைக் கட்டிக்கொண்டு. மேடையில் ஏழாம் வகுப்பு முழுசாக நின்றது. அளவுகோல் உயர்ந்தது. கோட்டான் சுருதி கொடுக்க வாயெடுத்தாள். அந்தச் சமயம் பார்த்து மைக் ஊளையிட்டது. படபடப்பில் நின்ற லாரி அதுதான் சைகை என்று நினைத்து, எடுத்த எடுப்பிலேயே உச்சத்தில் கிளம்பிவிட்டான். மொத்த வகுப்பும் அவன் பின்னால் ஏறியது.

மீதி சாருக்கு எப்போதும்போல் பாட்டாகத்தான் கேட்டது. ஆனால் பார்த்தார். ஒரு முகம் இல்லை, எல்லா முகமும் சுருங்கியிருந்தது. கழுத்து நரம்புகள் புடைத்தன. இரண்டாவது அடியில் லாரியின் குரல் உடைந்து கிரீச்சிட்டது. ஹால் கொல்லென்று சிரித்தது. அவன் வாயை மூடிக்கொண்டான். கண் நிறைந்துவிட்டது.

அப்படியே ஓட்டியிருக்கலாம். எண்ணிக்கொண்டே முடித்துக் கும்பிடு போட்டு இறங்கியிருந்தால், பையன் குரல் உடைந்ததற்கு யார் என்ன செய்ய முடியும் என்று தலைமை ஆசிரியையே விட்டிருப்பார். அவர் பொய்யும் பிழைத்திருக்கும், பீரியடும் பிழைத்திருக்கும். ஆனால் அந்தப் பையன் இனி ஜென்மத்துக்கும் வாயைத் திறக்கமாட்டான். அது அவருக்கு ஒரு பார்வையிலேயே தெரிந்தது. அளவுகோலைக் கீழே இறக்கினார்.

"நிறுத்துங்க."

திரும்பி ஹாலைப் பார்த்தார். மைக் அருகே போனார்.

"சிரிக்காதீங்க. தப்பு அவனுது இல்ல, என்னுது. ஆரம்பிச்ச உடனே நான் நிறுத்தியிருக்கணும். எனக்குத் தெரியல. எனக்குப் பாட்டு தெரியாது." தலைமை ஆசிரியையைப் பார்த்தார். "தெரியும்னு உங்ககிட்ட பொய் சொன்னேன் மேடம். நான் ஏழாவது படிக்கிறப்போ எங்க வாத்தியார், நீ பாடாதே, வாயை மட்டும் அசைன்னு சொன்னார். அன்னையிலேர்ந்து அசைச்சுக்கிட்டுதான் இருக்கேன். இந்தப் பசங்களுக்குப் பாட்டு தெரியும். அவங்க ஒருதரம் சரியாப் பாடட்டும். அப்புறம் நீங்க என்ன சொன்னாலும் சரி."

பாம்புச் செவி என்று நம்பியிருந்த மூன்றாவது வரிசை ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டது. கோட்டான் இரண்டடி முன்னால் வந்தாள். மைக்கைத் தன் பக்கம் இழுத்தாள். பள்ளிக்கூடம் அதுவரை கேட்டிராத குரலில், தெளிவாக, 'ம்' என்றாள். பிறகு லாரியைப் பார்த்து, "கீழேடா," என்றாள்.

பாடினார்கள். எப்படிப் பாடினார்கள் என்று மீதி சாரைக் கேட்டுப் பிரயோஜனமில்லை. கடைசிப் பெஞ்ச் ஆறாம் வகுப்புப் பொடியன்கள் முதல் வாட்ச்மேன் வரை அசையாமல் இருந்ததை அவர் பார்த்தார். மேடையில் ஒரு முகமும் சுருங்கவில்லை. லாரி, தன் இரண்டு கூட்டாளிகளோடு அடியில் நின்று, அந்தப் பாட்டைத் தாங்கிக்கொண்டிருந்தான்.

கைதட்டல் ஓய்ந்ததும் தலைமை ஆசிரியை எழுந்தார்.

"பாடம் தெரிஞ்சவங்கதான் பீரியட் எடுக்கணும். அது இந்த ஸ்கூலோட விதி. சாருக்குப் பாட்டு தெரியாது. பொய் சொன்னதுக்கு அவர்கிட்ட நான் தனியாப் பேசிக்கிறேன்." மேடையில் சில பிள்ளைகள் அழுகிற நிலைக்கு வந்துவிட்டார்கள். "அதனால வியாழக்கிழமை பாட்டு பீரியடை அவருக்குக் கொடுக்க முடியாது. தெரிஞ்சவங்களுக்குத்தான் கொடுக்கணும். அடுத்த பருவத்துலேர்ந்து பாட்டு பீரியட் எடுக்கப்போறது ஏழாம் வகுப்பு. கத்துக்கப்போற மாணவர் ஒருத்தர்தான், நம்ம சார்."

டைம்டேபிளில் அப்படியேதான் எழுதினார். மேலிடத்திலிருந்து யாரும் இன்றுவரை அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

அடுத்த பருவத்தின் முதல் வியாழக்கிழமை மீதி சார் சட்டைப் பொத்தானைச் சரியாகப் போட்டுக்கொண்டு வந்தார். அளவுகோலைக் கோட்டானிடம் கொடுத்தார். போய்க் கடைசி வரிசையில், பையன்களுக்குப் பக்கத்தில் நின்றார். பாட்டு கிளம்பியது. இரண்டு அடி போவதற்குள் லாரி கையைத் தூக்கினான்.

"டீச்சர், சார் வாயை மட்டும் அசைக்கிறார்."

அளவுகோல் நின்றது. கோட்டான் அவரைப் பார்த்தாள்.

"சத்தமாப் பாடுங்க சார்."

"உனக்குப் பல்லு கூசும்மா."

"கூசட்டும்," என்றாள் அவள். "மறுபடியும் முதல்லேர்ந்து."

அவர் கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்தார்.