கண்ணப்பன் பார்த்த கல்

ஆயுத பூஜையன்று பொட்டு வைக்க எங்கள் வீட்டில் பெரிதாக எதுவும் கிடையாது. ஒரு சைக்கிள், ஒரு மிக்ஸி, மனைவியின் தையல் மெஷின். அப்புறம்... ஒரு மைக்ராஸ்கோப்.

போன வாரம் பொரி வாங்கிக்கொள்ள வந்த புது மாடி வீட்டுக்காரர் அதையே உற்றுப் பார்த்தார்.

"சார் டாக்டரா?"

"இல்லைங்க. ஜியாலஜி படிச்சவன். அது கல்லைப் பார்க்கிற மைக்ராஸ்கோப்."

"கல்லைப் பார்க்க மைக்ராஸ்கோப் எதுக்கு சார்? கண்ணுக்கே தெரியுதே!"

சிரித்து வைத்தேன். நியாயமான கேள்விதானே? அவர் மாடியேறியதும் மனைவி கேட்டாள்: "கண்ணப்பன் விஷயத்தைச் சொல்லியிருக்கலாமே?"

பண்டிகை நாளில் சொல்கிற விஷயமா அது? அவரிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

கண்ணப்பன், கள்ளிக்குப்பத்தில் எங்கள் பின் தெருக்காரன். அப்பா காலத்தில் நெல் விளைந்த நிலமெல்லாம் பிளாட் ஆகிவிட, அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் ஓரத்தில் ஒரு கல்மாவு மில்லில் சேர்ந்தான். வெள்ளைக் கற்களை மெஷினில் கொட்டி, மாவாக்கி, மூட்டை பிடிக்கிற வேலை. கண்ணாடி, பீங்கான் செய்கிறவர்கள் வாங்கிப் போவார்கள். சாயங்காலம் சைக்கிளில் திரும்பும்போது இமை, புருவமெல்லாம் வெளுத்திருக்கும்.

நல்ல கபடி ஆட்டக்காரன். மூச்சு விடாமல் பாடிக்கொண்டு எதிர்க் கட்டத்தையே ஒரு சுற்று சுற்றி வருவான். அவனுக்குத்தான் எங்கள் வாசற்படி ஏறினாலே மூச்சு வாங்க ஆரம்பித்தது.

"டிபின்றாங்க அண்ணாத்தே. மாத்திரை துன்னுகினே கீறேன். ஒண்ணும் கேக்கல."

எனக்கு வேறு சந்தேகம். குவார்ட்ஸ் என்று ஒரு கல் இருக்கிறது. அதன் தூள் நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது. உள்ளேயே கிடந்து புண்ணாக்கி, தழும்பாக்கி, மூச்சை அடைக்கும்.

மில் முதலாளியிடம் போய்க் கேட்டேன். ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்திருந்தார்.

"குவார்ட்ஸா? சேச்சே. இது ஃபெல்ட்ஸ்பார் சார். ஒண்ணும் பண்ணாது."

ஆஸ்பத்திரியிலும் அவர் ஆட்கள் அதையேதான் சொல்லி வைத்திருந்தார்கள். இரண்டுமே வெளிர் நிறக் கற்கள், இரண்டுமே கெட்டி. மாவாகிவிட்டால் வெறும் கண்ணால் பிரித்துச் சொல்ல முடியாது. கல்லைத் தலைமுடியை விட மெல்லிசாகத் தேய்த்து, அதற்கென்றே இருக்கிற மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தால் பளிச்சென்று தெரிந்துவிடும்.

சரி, அந்த மைக்ராஸ்கோப்புக்கு எங்கே போவது?

நான் படித்த டிபார்ட்மென்ட்டில் இருந்தது. "வெளி விவகாரத்துக்கெல்லாம் தர முடியாதுப்பா" என்றார்கள். புதிதாக வாங்கலாமென்று விலை விசாரித்தேன். அந்தப் பணத்துக்கு அன்றைக்கு அம்பத்தூரில் அரை கிரவுண்டு வாங்கியிருக்கலாம்.

ஆவடி குவார்ட்டர்ஸில் இருந்த என் நண்பன் மணியிடம் புலம்பினேன். விருதுநகர்க்காரன், டிஃபென்ஸ் ஃபேக்டரியில் டர்னர்.

"அதுல அப்படி என்னடா விசேஷம்?"

சாதாரண மைக்ராஸ்கோப்தான்; ஆனால் கல்லுக்குக் கீழே வெளிச்சத்தை வடிகட்டுகிற ஒரு போலராய்டு கண்ணாடி, மேலே இன்னொன்று, கல்லை வைக்கச் சுற்றுகிற தட்டு – அவ்வளவுதான் என்றேன்.

"இதுக்கா இந்த அழுகை? வாடா!"

ஒரு ஸ்கூலில் பழைய லேப் சாமான்களைக் கழித்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். துருப்பிடித்த ஒரு மைக்ராஸ்கோப் கிடைத்தது. லென்ஸ் பழுதில்லை. மணியின் மச்சான் எஸ்டேட்டில் சின்னதாக லேத் போட்டிருந்தார். அங்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க நின்று, பித்தளையில் சுற்றுகிற தட்டு ஒன்றை மணி கடைந்து முடித்தான்.

போலராய்டுக்கு? பிளாட்பாரத்துக் கூலிங் கிளாஸ்! அசல்தானா என்று பார்க்க, ஒரு கண்ணாடிக்கு முன்னால் இன்னொன்றைப் பிடித்துத் திருப்ப வேண்டும். இருட்டிக்கொண்டு வந்தால் அசல். நான் ஒவ்வொன்றாகத் திருப்பத் திருப்ப, கடைக்காரருக்குப் பொறுமை போய்விட்டது.

"இன்னா சார், கண்ணாடிய மூஞ்சில போட்டுப் பாப்பாங்க... நீ இன்னாத்துக்கு ஸ்டீரிங் மாரி சுத்திகினு கீறே?"

கண்ணப்பன் டிபன் பாக்ஸில் மறைத்து ஒரு கல் கொண்டுவந்தான். சில்லு உடைத்து, கண்ணாடித் துண்டில் பிசின் வைத்து ஒட்டி, கார்போரண்டம் பொடியில் தேய்த்தேன். பொடி ஈரமாகவே இருக்க வேண்டும். தூள் பறந்தால் என் கதையும் அவன் கதைதான். ஒரு தடவை அதிகமாகத் தேய்ந்து கல்லே காணாமல் போய்விட்டது. மறுபடி முதலிலிருந்து...

ஜன்னலோரம் வைத்துப் பார்த்த அன்று கண்ணப்பனும் வந்தான். படிக்குப் படி நின்றுதான் ஏறினான். அவன் மனைவி சரசு பின்னாலேயே முதுகைத் தாங்கிக்கொண்டு வந்தாள்.

தட்டைச் சுற்றினேன். சாம்பலும் வெள்ளையுமாக மணிகள் ஒளிர்ந்தன, புகை படிகிற மாதிரி மெல்ல அணைந்தன, மறுபடி ஒளிர்ந்தன. ஃபெல்ட்ஸ்பார் என்றால் அநேகமாக வரி வரியாகக் கோடுகள் தெரியும். தேடித் தேடிப் பார்த்தேன். எங்கோ ஓர் ஓரத்தில் ஒன்று. மற்றதெல்லாம் குவார்ட்ஸ்.

"நானும் பாக்கட்டா அண்ணாத்தே?"

குனிந்தான். தட்டை அவனே சுற்றினான். ரொம்ப நேரம் சுற்றிக்கொண்டே இருந்தான்.

"சோக்கா கீது... நெலா வெளிச்சத்துல ஏரித் தண்ணி மாரி."

கண்ணை எடுக்காமலே கேட்டான். "இதுவா என் நெஞ்சுக்குள்ள கீது?"

நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

"ஆமா கண்ணப்பா."

"அதான்... போவ மாட்டேங்குது."

பெரிய டாக்டர் ஒருவர் நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். புதிதாக எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். டிபி இல்லை, கல்தூள் நோய்தான் என்று மாத்திரையை நிறுத்தினார். உள்ளே போனதை வெளியே எடுக்க மருந்து கிடையாது என்றார். வரும்போது பஸ்ஸில் சரசு, "அப்போ பேரு மட்டும்தான் கண்டுபுடிச்சோமாண்ணே?" என்று கேட்டாள்.

முதலாளியோ, "உங்க வீட்டு அடுப்படியில பண்ண டெஸ்ட்டா? சீல் இருக்கா?" என்றார்.

சீல் இருக்கிற லேபுக்குக் கல்லை அனுப்பினோம். குவார்ட்ஸ்தான் என்று பதில் வந்தது. அதற்குள் கண்ணப்பனின் காரியம் முடிந்திருந்தது. மில்லை மூடிவிட்டார்கள். வானகரத்தில் வேறு பெயரில், வேறு போர்டு மாட்டி, அதே மெஷின்கள் ஓடுகின்றன. சரசு போட்ட கேஸ் இன்னும் நடக்கிறது.

பூஜை முடிந்த இரண்டாம் நாள், வானகரத்தில் சரசுவைப் பார்த்தேன். மில் கேட்டுக்கு எதிரே, வேலைக்குப் போகிறவர்களை நிறுத்தி, மூக்கில் கட்டிக்கொள்ள ஆளுக்கொரு துணி கொடுத்துக்கொண்டிருந்தாள். கண்ணப்பனின் வேட்டிகளைக் கிழித்த துணி.

"சரசு... அந்தத் தூள் ரொம்பப் பொடிசு. துணிக்கெல்லாம் நிக்காதும்மா."

"தெரியும்ணே. சும்மா கூப்ட்டா எவனும் நிக்க மாட்றான். துணியக் குடுத்தா, 'இன்னாத்துக்கு அக்கா'ன்னு கேக்கறான் இல்ல? அப்போதான் இவரு கதையச் சொல்றேன்."

"கேக்கறாங்களா?"

"கேட்டுட்டு உள்ளதான் போறாங்க. ஒருத்தன் மட்டும் திரும்பி ஊட்டுக்குப் போய்ட்டான்."

ஒருத்தன்தான். அவன் பெயரைக் கூடக் கேட்டு வைத்திருக்கிறாள்.